திறக்காமல் வைத்த நத்தைகள்

போன மாதம் ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் பஸ்ஸில், மாதனூர் நிறுத்தத்தில் ஏறிய ஒரு பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் புடவையைக் கொஞ்சம் தூக்கிவிட்டு, இரண்டு கெண்டைக்காலிலும் தலைவலித் தைலத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். அந்த மெந்தால் வாடை நேராக என் மூக்கில் ஏறியது. நீ போன பிறகு அதை அவ்வளவு கிட்டத்தில் நான் முகர்ந்ததில்லை. உன் மேஜை ஞாபகம் வந்தது. மேஜை மேல் மூடி வைத்த கண்ணாடிக் கிண்ணமும், அதற்குள் கொம்பையும் காலையும் நீட்டிக்கொண்டு மயங்கிக் கிடக்கும் நத்தைகளும் ஞாபகம் வந்தன. கூடவே எரிச்சலும் வந்தது. உன்னை நினைத்தால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும், மற்றதெல்லாம் பிறகுதான். இது உனக்கே தெரியும்.

அந்தப் பெண்ணின் கால்கள் முழுக்கச் சிவப்புச் சிவப்பாகத் தடித்திருந்தன. சொறிந்து சொறிந்து சில இடங்களில் தோல் கிழிந்திருந்தது.

"இன்னாம்மா கால்ல?" என்று கேட்டேன்.

"நடவுக்கு போறேம்மா. ஏரித் தண்ணி வயலுக்கு பாயுது இல்ல, அதுல எறங்கினா அரிப்பு. தூக்கமே இல்ல. எல்லாம் அந்த டேனரித் தண்ணிதான்."

எந்த டேனரி என்று கேட்டேன். சொன்னாள். உன் அண்ணனுடைய தோல் பதனிடும் டேனரி.

"அது மூடி எத்தினியோ வருஷம் ஆச்சே?"

"மூடினா இன்னா? வுட்ட தண்ணி மண்ணுக்குள்ளயே இருக்குதாம். அப்பவே காலேஜ்லர்ந்து ஒரு அம்மா வந்து டெஸ்ட் பண்ணி சொல்லிச்சே. பாய் வூட்டு அம்மா. சொந்த அண்ணன் டேனரின்னு கூட பாக்கல, நெஜத்த சொல்லிச்சி. அந்த மாதிரி யாரு சொல்லுவா?"

கோவிந்தம்மா என்று பெயர் சொன்னாள். உன்னைத் தெரியும் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. பள்ளிகொண்டாவில் அவள் இறங்கிப் போன பிறகு என்னால் இருக்கையில் நிம்மதியாக உட்கார முடியவில்லை. டேனரி மூடிய பிறகு எத்தனையோ மழை பெய்துவிட்டது. அந்த ஏரி நிரம்பி வழிந்து, காய்ந்து, மறுபடி நிரம்பிவிட்டது. பழைய தண்ணீர் ஒரு சொட்டுகூட அங்கே இருக்க வழியில்லை. அரிப்பு மட்டும் எப்படி இருக்கிறது?

இந்தக் கேள்வியை நீ உயிரோடு இருந்திருந்தால் உன்னிடம்தான் கேட்டிருப்பேன். நீ "பேஜார் பண்ணாதடி, யோசிக்க வுடு" என்று சொல்லியிருப்பாய். இப்போது பேஜார் முழுக்க என்னுடையது.

நம் இருவருக்கும் கல்லூரியில் என்ன பட்டப்பெயர் வைத்திருந்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? நான் ஓட்டுக்காரி, நீ கத்திக்காரி. விலங்கியல் துறைக்கு வந்த நாளிலிருந்து நமக்குள் அப்படித்தான் வேலை பிரிந்தது. நான் நத்தையின் ஓட்டை அளப்பேன், வரைவேன், சுருள்களை எண்ணுவேன். நீ உள்ளே இருக்கும் உடம்பைத் திறப்பாய். எனக்குக் கை நிற்காது. ஒரு இடத்தில் அசையாமல் உட்கார்ந்து, மிளகைவிடச் சின்ன உயிரின் வயிற்றைப் பிரிக்கிற பொறுமை எனக்கு எந்தப் பிறவியிலும் வராது. நீ பேச்சில் பட்டாசு, ஆனால் ஊசியைக் கையில் எடுத்துவிட்டால் மூச்சுக்கூடச் சத்தமில்லாமல் விடுவாய்.

ஆம்பூர் கடைத்தெருவில் நாட்டு மருந்துக் கடைக்காரர் உன்னைப் பார்த்ததும் மெந்தால் வாடையடிக்கும் புதினா உப்பை எடுத்துப் பொட்டலம் கட்டிவிடுவார். "உங்க வூட்ல யாருக்கும்மா இவ்ளோ சளி?" என்று ஒருநாள் கேட்டார். "நத்தைக்கு பாய்" என்றாய். அந்த மனிதர் அதற்குப் பிறகு உன்னிடம் எதுவும் கேட்டதில்லை. நத்தையை உயிரோடு சாராயத்தில் போட்டால் அது பயந்து ஓட்டுக்குள் சுருங்கிக் கல்லாகிவிடும், பிறகு திறந்தாலும் ஒன்றும் தெரியாது. அதனால் தண்ணீரில் புதினா உப்பைக் கொஞ்சம் மிதக்கவிட்டு மூடி வைப்பாய். மறுநாள் காலை கால் நீண்டு, கொம்பு நீண்டு, ஊசியால் தொட்டாலும் சிலிர்க்காமல் கிடக்கும். அப்புறம்தான் சாராயம். அப்புறம்தான் கத்தி.

மாணவிகள் சுற்றி நிற்க, தட்டை நத்தையின் ஓட்டை இடுக்கியால் நொறுக்கி, சுருண்ட உடம்பைப் பிரித்து நீளமாகக் கிடத்துவாய். இது இதயம், இது கல்லீரல், சுருளின் நுனி வரைக்கும் போகிறது பாருங்கள். இது நாக்கு, இதில் வரிசை வரிசையாகப் பல். தட்டை நத்தைக்கு ரத்தம் சிவப்பு, மற்ற நத்தைகளுக்கு அப்படி இல்லை. பிறகு, ஒரே உடம்பில் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் இருப்பதைக் காட்டுவாய். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். நீ தலையைத் தூக்காமலே, "சிரிங்க சிரிங்க. இதுங்களுக்கு யாரு யாரு வூட்டுக்கு வாழப் போறதுன்னு சண்டயே இல்ல. மாமியாரும் இல்ல" என்பாய். கல்யாணப் பேச்சு எடுத்த உறவுக்காரர்களை எல்லாம் விரட்டியடித்த உன் வாயிலிருந்து வந்தால் அது இன்னும் நன்றாக இருக்கும்.

அப்போதெல்லாம் நீ எனக்குச் சொன்னது ஒன்றுதான். நான் ஓட்டைப் பார்த்ததும் பெயரைச் சொல்லிவிடுவேன், அவசரக்குடுக்கை. நீ என் கையைத் தட்டிவிட்டு, "ஓட்ட பாத்து பேர் வெக்காதடி. தொறந்து பாத்துட்டு பேசு" என்பாய். எத்தனை முறை வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பேன். அதிலும் நம் ஏரிகளில் இருக்கும் இரண்டு தட்டை நத்தைகள் விஷயத்தில் நீ மிகவும் கறார். இரண்டும் காசு போலத் தட்டையாகச் சுருண்டவை. ஒன்று ஜைராலஸ். வளர்ந்து முடிந்தாலும் சட்டைப் பித்தானைவிடச் சிறியது. இன்னொன்று இண்டோபிளானார்பிஸ். வளர்ந்தால் கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிதாகும், ஆனால் குட்டியாக இருக்கும்போது சின்ன இனம் போலவே இருக்கும். வெளியே பார்த்தால் பெரியதின் குட்டியா, சின்னதின் தாயா என்று சொல்வது கஷ்டம். உள்ளே திறந்தால் ஒரு நிமிட வேலை. வளர்ந்த சின்ன இனத்துக்கு இனப்பெருக்கக் குழாயோடு சீப்புப் பல் மாதிரி ஒரு வரிசைப் பைகள் இருக்கும், ஆண் உறுப்பின் நுனியில் கெட்டியான ஒரு முள் இருக்கும். பெரியதின் குட்டிக்கு இரண்டும் கிடையாது, எல்லாம் வெறும் நூலாகக் கிடக்கும். எனக்குக் கற்றுக்கொடுக்க வேண்டிய அவசியமே இல்லாத பாடம் இது, நானும் இதைப் படித்துத்தான் வேலைக்கு வந்தேன். ஆனாலும் நீ சொல்லிக்கொண்டே இருப்பாய்.

உன் அண்ணனைப் பற்றியும் சொல்லிக்கொண்டே இருப்பாய். பரீட்சைக்கெல்லாம் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டு வெளியே வெயிலில் நின்றவர் அவர். பெண்பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு படிப்பு என்று கேட்ட மாமாவிடம், "அவ படிக்கட்டும், ஒனக்கு இன்னா நஷ்டம்?" என்று சண்டை போட்டவர். உன் கத்திரி, ஊசி, இடுக்கி எல்லாம் சுருட்டி வைத்துக்கொள்ளத் தன் டேனரியில் பதப்படுத்திய ஆட்டுத்தோலில் ஒரு பை தைத்துக்கொடுத்தவர். சின்ன டேனரி அது. பெரிய முதலாளி ஒன்றும் இல்லை.

டேனரி மூடிய அந்த வருஷம் ஏரி காய்ந்து கிடந்து, மழையில் மறுபடி நிறைந்தது. நடவுக்கு இறங்கிய பெண்களுக்குக் காலெல்லாம் அரிப்பு. நான் அப்போது சென்னையில் ஒரு பயிற்சி வகுப்பில் மாட்டிக்கொண்டிருந்தேன். நீ தனியாகப் போனாய். சரியான இடத்தில்தான் தேடினாய், அதை நான் எப்போதும் சொல்வேன். நம் பக்கத்தில் யாருக்கு அரித்தாலும், பயிர் கருகினாலும், ஆடு செத்தாலும் முதல் பழி டேனரிக்குத்தான். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். அதனால் வேறு எதையும் யாரும் தேடுவதில்லை. நீ மட்டும் நத்தையைத் தேடினாய். மாட்டின் ரத்தக் குழாயில் ஒரு புழு வாழும். அதன் முட்டை சாணியோடு ஏரிக்கு வரும். பெரிய தட்டை நத்தைக்குள் புகுந்து, பெருகி, கவட்டை வால் வைத்த பொடிப் புழுவாக வெளியே நீந்தி வரும். அது தேடுவது மாட்டுக் காலை. மனுஷக் கால் கிடைத்தால் தெரியாமல் தோலுக்குள் துளைத்து அங்கேயே செத்துப்போகும். அதுதான் அரிப்பு. சின்ன தட்டை நத்தையில் அந்தப் புழு வளராது.

ஏரியில் உனக்குக் கிடைத்ததெல்லாம் சின்னச் சின்னத் தட்டை நத்தை. அன்றைக்கே உன் கண்ணில் இன்னொன்றும் பட்டுவிட்டது. டேனரியின் பின்சுவரிலிருந்து ஓடைக்குள் இறங்கும் ஒரு பைப். பிடித்து வந்த நத்தைகளை வழக்கம்போல் மயக்கி, சாராயத்தில் போட்டு, பாட்டில் மேல் ஜைராலஸ் என்று சீட்டு ஒட்டினாய். ஒன்றைக்கூடத் திறக்கவில்லை.

அடுத்த வாரம் பஞ்சாயத்துக் கூட்டத்தில் நீ பேசியபோது நான் ஊருக்குத் திரும்பிவிட்டேன், கடைசி வரிசையில் நின்றிருந்தேன். "ஏரியில இருக்கிறது சின்ன நத்த. அதால இந்த அரிப்பு வராது. தண்ணியாலதான் வருது. தண்ணி எங்கர்ந்து வருதுன்னு நான் கண்ணால பாத்தேன்" என்றாய். பெயரையும் சொன்னாய். உன் அண்ணன் அங்கேதான் இருந்தார். எழுந்து நின்றார். சண்டை வரும் என்று எல்லாரும் நினைத்தோம். "என் தங்கச்சி பொய் சொல்ல மாட்டா" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். அந்த மாதமே டேனரியை மூடினார். அதோடு உன்னிடம் பேசுவதையும் நிறுத்தினார். நீயும் பேசவில்லை. உங்கள் இருவரையும் பெற்ற அம்மி இரண்டு பக்கமும் அழுதுபார்த்து ஓய்ந்து போனார்கள். எனக்கோ அன்றைக்கு உன்னை நினைத்து அவ்வளவு பெருமை. அதை நினைத்தால் இப்போது பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, ஒரு மத்தியானம் சொன்னாயே. "அந்த ஏரி பாட்டில தொறக்கணும்டி."

"எந்த ஏரி?" என்றேன்.

"அதான். அதுல ஒண்ணு கூட தொறக்கல."

"எழுந்து வந்து நீயே தொற" என்றேன். உனக்குத் தெம்பு வரட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன். நீ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய். அதற்கு மேல் அந்தப் பேச்சு வரவில்லை, நீயும் வீட்டுக்கு வரவில்லை. அடக்கத்துக்கு உன் அண்ணன் வந்தார். ஜனாஸாவைத் தூக்க முன்பக்கத் தோள் அவர்தான் கொடுத்தார். பெண்கள் நாங்கள் வாசலிலேயே நின்றுவிட்டோம்.

பஸ்ஸில் கோவிந்தம்மாவைப் பார்த்த அன்று நேராகத் துறைக்குப் போய் உன் அலமாரியைத் திறந்தேன். வகுப்பு இருந்தது, வேறு ஒருத்தியைப் போகச் சொன்னேன். பாட்டிலில் சாராயம் பாதி வற்றியிருந்தது, நத்தைகள் பத்திரமாக இருந்தன. உன் வேலையை யார் குறை சொல்ல முடியும், ஒவ்வொன்றும் கொம்பு நீட்டி, கால் நீட்டி, திறப்பதற்குத் தயாராக. முதல் நத்தையைக் கூழாக்கிவிட்டேன். இரண்டாவதும் அப்படியே. எழுந்து வராந்தாவில் நடந்தேன், டீ வாங்கினேன், குடிக்காமல் வைத்தேன், மறுபடி உட்கார்ந்தேன். பிறகு ஒன்று முழுதாகப் பிரிந்து வந்தது. சீப்புப் பல் இல்லை. முள் இல்லை. வெறும் நூல். இன்னொன்றைத் திறந்தேன். அதிலும் அப்படித்தான். ஏரி புதிதாக நிறைந்த சமயம், பெரியதெல்லாம் வறட்சியில் போய், முட்டையிலிருந்து வந்த குட்டிகள் மட்டும் இருந்திருக்கின்றன. நீ குட்டிகளைப் பார்த்துத் தாய் என்று எழுதிவிட்டாய்.

மறுநாள் ஏரிக்குப் போனேன். இப்போது பெரிய தட்டை நத்தைகள் கரையெல்லாம் கிடக்கின்றன. பிடித்து வந்து, கண்ணாடிக் குப்பிகளில் ஒவ்வொன்றாகத் தண்ணீரோடு போட்டு ஜன்னல் வெயிலில் வைத்தேன். உச்சி வெயில் ஏறியதும் சில குப்பிகளில் தண்ணீர் கலங்கியது. ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். கவட்டை வால் புழுக்கள் குதியோ குதி என்று குதித்தன.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. யாரிடம் சொல்வது? ஊரில் சொன்னால் உன் பேர் போகும். அந்த ஊரில் உன் பேர் எப்படி இருக்கிறது என்று பஸ்ஸிலேயே கேட்டுவிட்டேன். சொல்லாவிட்டால் அந்தப் பெண்கள் இல்லாத டேனரியைத் திட்டிக்கொண்டு தினமும் அந்தத் தண்ணீரில் இறங்குவார்கள். என் வீட்டுக்காரர், "செத்துப்போனவங்கள ஏன் இழுக்கற? நத்த இப்பத்தான் வந்துச்சின்னு சொல்லிட்டுப் போ" என்றார். சோற்றைப் பிசைந்தபடியே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். உருப்படியான யோசனை மாதிரியே இருந்தது. அதனால்தான் இன்னும் எரிச்சல்.

ஊருக்குப் போகும் முன் உன் அண்ணனைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. ஆம்பூரில் ஒரு ஷூ சோல் குடோன் வைத்திருக்கிறார். தாடி முழுக்க வெளுத்துவிட்டது. நாற்காலியைத் துடைத்துப் போட்டு, டீ சொல்லி, என் பிள்ளைகளை எல்லாம் விசாரித்தார். நான் பட்டென்று விஷயத்தைச் சொன்னேன். நடுவில் நிறுத்தினால் சொல்ல முடியாது என்று தெரியும்.

"அப்ப அரிப்பு நம்ம தண்ணியால இல்லியா?" என்றார்.

"இல்ல பாய். அப்பவும் இல்ல, இப்பவும் இல்ல."

சந்தோஷப்படுவார், இல்லை கோபப்படுவார் என்று நினைத்திருந்தேன். இரண்டும் இல்லை.

"ஆனா பைப் இருந்துச்சிம்மா. மழ பேயற அன்னிக்கி தொறந்து வுடுவேன், மழத் தண்ணியோட போயிடும்னு. சுத்தம் பண்ண செலவு ஜாஸ்தி, மனசு கம்மி. அவ பாத்தது நெஜம். அரிப்பு என்னுது இல்ல, பைப் என்னுது. அதான் அன்னிக்கி எழுந்து நின்னேன், இல்லன்னு சொல்ல வாய் வரல."

பிறகு மெதுவாகக் கேட்டார். "அவளுக்கு தெரியுமா இது?"

ஆஸ்பத்திரியில் நீ சொன்னதைச் சொன்னேன். தெரியாது, சந்தேகம் இருந்தது, திறந்து பார்க்க வேண்டும் என்று சொன்னாள் என்றேன்.

"சந்தேகம் வந்த அன்னிக்கி ஒரு போன் பண்ணிருக்கலாமே" என்றார். "ஒரே ஒரு போன். தப்பு, ரைட்டு எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். நான் ஓடி வந்துருப்பேனே." துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். வேலைக்காரர்கள் பார்க்கிறார்கள் என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை.

எனக்கு அங்கேயே உன்னைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. உனக்கு ஒரு நியாயம் இருந்திருக்கும், எனக்குத் தெரியாதா? திறந்து பார்க்காமல் எப்படிச் சொல்வது, வெறும் சந்தேகத்தை வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவது என்று இருந்திருப்பாய். வாயை மூடிக்கொள்ள வேண்டிய இடத்தில் திறக்காமலே பேசினாய். பேசியிருக்க வேண்டிய இடத்தில், இன்னும் திறக்கவில்லையே என்று சும்மா இருந்துவிட்டாய். அடிப் பாவி, அந்த ஆளுக்கு உன் குரல் போதும். எந்த இனம் என்று அவர் கேட்டிருக்கவே மாட்டார்.

கிளம்பும்போது அவரும் என் வீட்டுக்காரர் சொன்னதையே சொன்னார். "அவ பேரு கெடாம சொல்ல முடியாதா? இப்பதான் நத்த வந்துச்சின்னு சொல்லுங்களேன். ஊருக்கு என் டேனரின்னே இருக்கட்டும். எனக்கு பழகிடுச்சி."

"அது பொய் பாய்."

"பொய்தான்" என்றார். பிறகு, "நானும் வர்றேன்" என்றார்.

மறுநாள் காலை ஏரி மதகுக்குப் பக்கத்தில், நடவுப் பெண்கள் சாப்பிட உட்காரும் புங்க மரத்தடிக்குப் போனோம். உன் அண்ணன் வண்டியை நிறுத்திவிட்டுச் சற்றுத் தள்ளியே நின்றுகொண்டார். நான் குப்பியில் நத்தையைக் கொண்டுபோய்க் காட்டினேன். மாட்டில் தொடங்கி அவர்கள் கால் வரைக்கும் புழு எப்படி வருகிறது என்று சொன்னேன். மாட்டை ஏரிக்குள் இறக்காதீர்கள், கால்நடை டாக்டரிடம் காட்டி மருந்து கொடுங்கள், காலில் எண்ணெய் தடவிக்கொண்டு இறங்குங்கள், ஏறியதும் துண்டால் அழுத்தித் துடையுங்கள் என்றேன். எல்லாம் கேட்டுக்கொண்டார்கள். கோவிந்தம்மா மட்டும் குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது இப்ப வந்துச்சா, அப்பவே இருந்துச்சா?" என்றாள்.

நான் உன் அண்ணன் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் பொய் சொல்லிவிடுவேன். "அப்பவே இருந்துச்சிம்மா."

"அப்ப அந்தம்மா சொன்னது?"

"தப்பு. அவங்க தப்பா சொல்லிட்டாங்க."

இதைச் சொன்னபோது உன்னை ஊருக்கு நடுவில் நிற்கவைத்து நானே கைகாட்டினது போல இருந்தது.

"அவங்களே வந்து சொல்லியிருக்கலாமே" என்றாள் அவள்.

"அவங்க செத்துட்டாங்கம்மா."

அவளுக்கு அது தெரியாது. "நல்லா பாத்துச்சிம்மா அது" என்றாள். "என் கால எடுத்து மடியில வெச்சிக்கிச்சி. சேத்துக் காலும்மா, வேணாம்மான்னு இழுத்தேன், வுடல. நல்ல புடவ வேற. எத்தினி பேருக்கு அப்படி பாத்துச்சி. தப்பா சொன்னா சொல்லிட்டு போவட்டும். எங்கள வந்து பாத்தது அது ஒண்ணுதான்."

பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பி, "யார் வூட்டுல எண்ண இருக்குது? எடுத்தாங்கடி, தடவிக்கினு எறங்குவோம், நேரமாவுது" என்றாள். அவ்வளவுதான். உன் பேர் போய்விடும் என்று நான் தூங்காமல் கிடந்ததற்கு அந்த ஊரில் ஆன நேரம் அவ்வளவுதான். உன் அண்ணன் வண்டிப் பக்கத்தில் நின்றபடி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் யாரோ தண்ணீர் சொம்பை நீட்டினார்கள். வாங்கிக் குடித்தார்.

கோவிந்தம்மா உன்னை மன்னித்துவிட்டாள். உன் அண்ணன் எப்போதோ மன்னித்துவிட்டார், நீதான் போய் வாங்கிக்கொள்ளவில்லை. நான் மட்டும்தான் பாக்கி. வகுப்பில் நடக்கும்போதும், சமையல்கட்டில் நிற்கும்போதும், பஸ்ஸிலும் உன்னோடு வாய்க்குள்ளேயே பேசிக்கொண்டிருக்கிறேன். ஏன்டி ஒன்றைக்கூடத் திறக்கவில்லை, ஏன்டி ஒரு போன் பண்ணவில்லை. நீ பதில் சொன்னால் நான் திருப்பிச் சொல்வேன், நீ கத்துவாய், நான் கத்துவேன், சாயங்காலம் இரண்டு பேரும் டீ குடிக்கப் போவோம், எல்லாம் சரியாகிவிடும். நமக்குள் வந்த எந்தச் சண்டையும் அப்படித்தான் முடிந்தது. உன்னை மன்னிக்க வேண்டுமானால் நான் முதலில் சண்டை போட்டாக வேண்டும். சண்டை போட எனக்கு நீ வேண்டும்.